வேலூர் வெயிலிலும் வைட்டமின் டி குறையுமா? ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளையின் எலும்பு பற்றி

உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன் அம்மா. குடியாத்தத்தில் இருக்கிறீர்கள். மகனுக்கு ஆறு வயதில் ஏ.எல்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது, இப்போது அவனுக்கு 12 வயது. மாடிப்படி ஏறும்போது முட்டி வலிக்கிறது என்று சொன்னான். டெஸ்ட் எடுத்ததில் வைட்டமின் டி 13 என்று வந்தது. 60,000 யூனிட் பவுடர் வாரத்துக்கு ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "கேவுரு (கேழ்வரகு) கூழும் வெயிலும் போதும்" என்கிறார் உங்கள் மாமியார். எட்டு வாரம் முடிந்தாலும் நிறுத்த வேண்டாம் என்கிறார் மருந்துக்கடைக்காரர். ஆறு லட்சம் யூனிட் ஊசி ஒன்று போட்டால் வேலை முடிந்தது என்கிறார் ஒரு உறவினர். யார் சொல்வதைக் கேட்பது, எலும்பு ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாமல் விட்ட கேள்விகள் இரண்டு உண்டு என்று நினைக்கிறேன். நோய் திரும்ப வருகிறதா? அன்றைக்குக் கொடுத்த மருந்துகள் பிள்ளையின் எலும்பை ஒரேயடியாகக் கெடுத்துவிட்டனவா? சிகிச்சை முடிந்த பிள்ளைகளின் பெற்றோர் எல்லாருக்கும் இந்த இரண்டு பயமும் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் குழந்தை மருத்துவர். வேலூரில் பிள்ளைகளுக்கான ரத்தப் புற்றுநோய் வார்டில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது ஆற்காடு பக்கம் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கிறேன். சிகிச்சை முடித்த பிள்ளைகளும் வருகிறார்கள். ஆனால் உங்கள் மகனின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை, அவன் ஃபைலையும் பார்க்கவில்லை. கீழே நான் சொல்வதும் அவனைப் பார்க்கும் டாக்டர் சொல்வதும் வேறுபட்டால், அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வலி. ஏ.எல்.எல். வந்த பல பிள்ளைகளுக்குக் கால்வலிதான் முதல் அறிகுறியாக இருந்திருக்கும், உங்கள் மகனுக்கும் அப்படித்தான் தொடங்கியதோ என்னவோ. அதனால் கால் வலிக்கிறது என்று அவன் சொன்னதும் உங்களுக்கு வயிற்றைக் கலக்குவது இயல்பு. நோய் திரும்பினால் பெரும்பாலும் சிகிச்சை நிறுத்திய முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் திரும்பும். அந்தக் காலத்தைக் கடந்து வரும்போது ஆபத்து நன்றாகக் குறைந்துவிடுகிறது, பூஜ்ஜியம் ஆவதில்லை. படி ஏறினால் வலித்து, உட்கார்ந்தால் விட்டுப்போகிற வலி பெரும்பாலும் வேறு காரணத்தால் வருவது. தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, நொண்டி நடப்பது, காரணமில்லாத காய்ச்சல், முகம் வெளிறுவது, அடிபடாமலே நீலத் தழும்பு, கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவது, விரை வீங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போய் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பாருங்கள். எதுவும் இல்லாவிட்டாலும், இந்த முட்டிவலிக்காக ஒருமுறை எண்ணிக்கை பார்த்துவிடுவது என் பழக்கம். சாதாரண பரிசோதனைதான், வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்ததாக ஒரு கோளாறு இல்லை என்று கட்டாயம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஸ்டீராய்டு அதிகம் வாங்கிய பிள்ளைகளில் சிலருக்கு எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று அந்தத் திசு இறந்துபோகும். இடுப்பு மூட்டின் பந்து, முட்டி ஆகிய இடங்களில்தான் அதிகம் வரும். சிகிச்சையின்போது 10 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். உங்கள் மகனுக்கு அப்போது ஆறு வயது, எனவே வாய்ப்பு குறைவு. ஆனாலும் சோதிக்காமல் விடக் கூடாது, ஏனென்றால் இடுப்பு மூட்டில் இருக்கும் கோளாறு பிள்ளைகளுக்கு முட்டிவலியாகவே தெரியும். முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்து "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டால் ஆறு மாதம் வீணாகும். நான் செய்வது இதுதான். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு காலின் இடுப்பையும் முட்டியையும் செங்கோணமாக மடக்கி, ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாதத்தை மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்புவேன். இப்படிச் செய்யும்போது இடுப்புப் பந்து உள்பக்கமாகச் சுழலும். தொடை இடுக்கில் வலித்தாலோ, மற்றக் காலைவிடக் குறைவாகத் திரும்பினாலோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வேன். ஆரம்ப நிலையில் எக்ஸ்ரேயில் இது தெரியாது. இந்தக் கோளாறை வைட்டமின் டி பவுடர் சரிசெய்யாது. அடுத்த முறை போகும்போது, "இடுப்பையும் பார்த்துவிடுங்கள் டாக்டர்" என்று நீங்களே கேட்கலாம், தவறில்லை.

இனி எலும்பு ஏன் பலவீனமானது என்பதற்கு வருவோம். மருந்துக்கு முன்பே நோய் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் நிரம்பும் புற்றணுக்கள் எலும்பை உள்ளிருந்து அரிக்கின்றன. கனடாவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து ஏ.எல்.எல். வந்த பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில், நோய் கண்டுபிடித்த ஒரு மாதத்துக்குள் எடுத்த எக்ஸ்ரேயிலேயே 16 சதவீதம் பேருக்கு முதுகெலும்புக் கட்டை ஏதாவது ஒன்று நசுங்கியிருந்தது. அதன்பின் சிகிச்சை வருகிறது. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் ஆகிய ஸ்டீராய்டுகள் இல்லாமல் இந்த நோயைக் குணப்படுத்த முடியாது. ஆனால் அவை எலும்பு கட்டும் செல்களைக் குறைத்து, அரிக்கும் செல்களின் ஆயுளை நீட்டிவிடும். கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இடிக்கிற ஆளை மட்டும் வேலைக்கு வைத்த மாதிரி. போதாததற்குக் குடல் கால்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கும், சிறுநீரில் அதிகமாக வெளியேற்றும். மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தும் எலும்பு கட்டும் செல்களைத் தாக்கும். வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்து நரம்பைத் தொடுவதால் பாதம் தொங்கி நடை தளரும். ஓடாத பிள்ளைக்கு எலும்பு தேறாது. தலைக்குக் கதிர்வீச்சும் கொடுத்திருந்தால் வளர்ச்சி ஹார்மோன் குறைய வாய்ப்பு உண்டு. முன்பு அது பரவலாகக் கொடுக்கப்பட்டது, இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. உங்கள் மகனுக்குக் கொடுத்தார்களா என்று ஃபைலில் பாருங்கள், பின்னால் ஸ்கேன் பற்றிச் சொல்லும்போது அது தேவைப்படும்.

கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே கனடா ஆய்வை ஆறு வருடம் தொடர்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஆறு வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு முதுகெலும்பு நசுங்கல் வந்தது உண்மை. அதில் பெரும்பகுதி முதல் வருடத்திலேயே வந்துவிட்டது. அப்படி நசுங்கியவர்களில் நாலில் மூன்று பேருக்கு மேல், எந்த எலும்பு மருந்தும் இல்லாமலே, அந்தக் கட்டை தன் பழைய உயரத்துக்குத் திரும்பியது. இதை நானும் லைட் பாக்ஸில் பார்த்திருக்கிறேன். சிகிச்சைக் காலத்துப் படத்தில் முன்பக்கம் ஆப்பு மாதிரி சரிந்திருந்த கட்டை, சில வருடம் கழித்து எடுத்த படத்தில் மேலும் கீழும் இருக்கும் கட்டைகளைப் போலவே சதுரமாக நிற்கும். பழைய நசுங்கலின் விளிம்பு உள்ளே ஒரு மெல்லிய கோடாகத் தெரியும், எலும்புக்குள் சின்ன எலும்பு வரைந்தது போல. வளர்கிற பிள்ளைக்கு மட்டும்தான் இது நடக்கும், வளர்ச்சி முடிந்தவர்களுக்கு நடக்காது. உங்கள் மகன் 12 வயதில் நிற்கிறான். ஒரு மனிதனின் எலும்பில் கடைசியில் சேரப்போகும் தாதுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, வயசுக்கு வரும்போது கிடுகிடுவென உயரும் அந்த இரண்டு வருடத்தில் சேர்கிறது. அவனுக்கு அந்தக் காலம் இனிமேல்தான் வருகிறது. எனவே "ஒரேயடியாகக் கெட்டுவிட்டதா" என்ற கேள்விக்கு என் பதில், இல்லை. மீள்வதற்கு வேண்டிய வயது அவன் கையில் இருக்கிறது.

இப்போது அந்த 13-ஐப் பார்ப்போம். லேப் தாளில் 30-க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று அச்சடித்திருப்பார்கள். பிள்ளைகளுக்கான அளவுகோல் வேறு. 2016-ல் உலக அளவில் வல்லுநர்கள் கூடிச் சொன்னது: 12-க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை, 12 முதல் 20 வரை போதாமை, 20-க்கு மேல் போதும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு 30 வேண்டும் என்று 2011-ல் சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கமே 2024-ல் அந்த இலக்கைக் கைவிட்டுவிட்டது. அந்த வகையில் உங்கள் மகனின் 13 போதாமையின் அடிப்படிக்கட்டில் நிற்கிறது. சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் ஆபத்து இல்லை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு "எலும்பு இவ்வளவு தேய்ந்துவிட்டது" என்று யாரும் சொல்ல முடியாது. கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்கிற நொதி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் குறைவு எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று தெரியும். பாஸ்பட்டேஸ் மிக ஏறியிருந்தால், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்ப்போம்.

உங்கள் மாமியார் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் வெயில் வைட்டமின் எப்படிக் குறையும்? சூடும் வைட்டமினும் வேறு வேறு அம்மா. தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது புற ஊதா பி கதிர். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அந்தக் கதிரைக் காற்று மண்டலமே வடிகட்டிவிடும். நம் பக்கத்தில் பலரும் நம்புகிற காலை ஏழு மணி இளம்வெயிலில் அது மிகமிகக் குறைவு. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருப்பதியில் இதைக் கருவி வைத்தே அளந்து பார்த்திருக்கிறார்கள். காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரைதான் அதிகம் உண்டாகிறது. வேலூரும் திருப்பதியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை என்பதால் அந்தக் கணக்கு நமக்கும் பொருந்தும். வாட்ச் இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு: வெயிலில் நிற்கும் பிள்ளையின் நிழல் அவன் உயரத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? வகுப்பறையில். பள்ளி விட்டால் வேனில், வேன் விட்டால் டியூஷனில். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. நம் தோல் நிறத்துக்கு நேரமும் கூடுதலாக வேண்டும். பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கத்திலிருந்து வரும் வளர்ந்த பெண் பிள்ளைகளிடமும், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பீடி சுற்றும் அம்மாக்களிடமும் இந்தக் குறைவை அடிக்கடி பார்க்கிறேன்.

புற்றுநோய் வந்து மீண்ட பிள்ளைகளுக்கு இன்னும் சில காரணங்கள் சேர்கின்றன. சிகிச்சைக் காலத்தில் "கூட்டத்தில் விடாதீர்கள், கிருமி தொற்றும்" என்று நாங்கள்தான் சொன்னோம். மெத்தோட்ரெக்ஸேட்டும் மெர்காப்டோபியூரினும் சாப்பிடும்போது தோல் வெயிலைத் தாங்காது என்றும் சொன்னோம். அது அந்த நாட்களுக்குச் சொன்னது. சிகிச்சை முடிந்து வருடக்கணக்கான பிறகும் அதே பயத்தில் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்கும் பெற்றோர் நிறையப் பேர். உங்கள் மகனுக்கு இப்போது அந்தத் தடை இல்லை. ஸ்டீராய்டில் ஏறிய எடை இறங்காமல் இருந்தால் வைட்டமின் டி கொழுப்பில் போய்த் தங்கிவிடும், ரத்தத்தில் குறைவாகவே காட்டும். வலிப்புக்காக ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற மாத்திரை சாப்பிடுகிற பிள்ளைக்கும் குறையும். இந்த இரண்டில் ஒன்று உங்கள் மகனுக்கு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவனுக்கு அளவு கூடுதலாக வேண்டியிருக்கலாம்.

அதற்காக நடுப்பகல் வெயிலில் சும்மா நிற்கவைக்க வேண்டாம். பள்ளி நாளில் மதிய இடைவேளையிலும், விடுமுறையில் காலை பத்தரை மணி வாக்கிலும், கையும் முழங்காலுக்குக் கீழும் திறந்திருக்க அரை மணி நேரம் விளையாடினால் நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் இதையும் குறைத்துக்கொள்ளுங்கள், தலையில் தொப்பியும் குடிக்கத் தண்ணீரும் இருக்கட்டும். தலைக்குக் கதிர்வீச்சு வாங்கியிருந்தால் அந்தத் தோலை வெயிலில் காட்டாமல் மூடியே வையுங்கள். ஆனால் 13-ல் இருப்பதை வெயிலை மட்டும் நம்பி ஏற்ற நினைக்காதீர்கள். எவ்வளவு சேர்ந்தது என்று அளக்க வழியில்லை.

பவுடருக்கு வருகிறேன். எழுதிக் கொடுத்த எட்டு வாரமும் கொடுங்கள். இது கொழுப்பில் கரையும் வைட்டமின். வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்காமல், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆடை எடுக்காத பாலில் கலக்கிக் கொடுங்கள். டம்ளரின் அடியில் மாவு தங்கும், இன்னும் கொஞ்சம் பால் ஊற்றி அதையும் குடிக்க வையுங்கள். எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டு கொடுத்து, வாந்தியும் மலச்சிக்கலுமாகப் பிள்ளையைத் தூக்கி வருபவர்கள் உண்டு. எட்டு வாரத்துக்குப் பின் நிறுத்த வேண்டாம் என்று மருந்துக்கடையில் சொன்னதை ஏற்காதீர்கள். வாரம் 60,000 என்றால் நாளுக்கு 8,500 யூனிட்டுக்கு மேல் வருகிறது. 9 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் மருத்துவர் கண்காணிப்பில்லாமல் நீண்டநாள் சாப்பிடக்கூடிய உச்ச அளவே நாளுக்கு 4,000 யூனிட்தான். குறைவை நிரப்புவதற்குச் சில வாரம் அதைத் தாண்டலாம், வருடம் முழுக்கத் தாண்டக் கூடாது. அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் என்று போகும். எட்டு வாரம் முடிந்ததும் தினம் 600 யூனிட் அளவுக்கு இறங்கிவிட்டு, தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை ரத்தம் பாருங்கள். 20-ஐத் தாண்டியிருந்தால் போதும். 60, 70 என்று ஏற்றுவதால் எலும்புக்குக் கூடுதல் லாபம் இருப்பதாக நிரூபணம் இல்லை.

ஆறு லட்சம் ஊசி வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. வாயால் சாப்பிட முடிகிற, குடல் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு அதற்கு அவசியம் கிடையாது. உள்ளே போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, மாதக்கணக்கில் தங்கும். ஆஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் ஒரே வேளையில் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காதவர்களைவிடக் கொடுத்தவர்கள் அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது. அது வயதானவர்களிடம் நடந்த ஆய்வு, பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஒரே அடியில் கொட்டுவது நல்லது என்ற எண்ணத்தை அது உடைத்துவிட்டது.

அடுத்து நான் சொல்வதை மருந்துக்கடையில் சொல்ல மாட்டார்கள். ஏ.எல்.எல்.லில் இருந்து மீண்டவர்களை வைத்தே ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இருக்கும் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் 275 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினம் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும், மற்றதற்கு அதே போலத் தோன்றும் வெறும் மாத்திரையும் இரண்டு வருடம் கொடுத்தார்கள். இரண்டு குழுவுக்கும் சாப்பாட்டு ஆலோசனை உண்டு. 2014-ல் முடிவு வெளியானது: ஆலோசனையோடு ஒப்பிட்டால் மாத்திரையால் எலும்பு அடர்த்திக்குக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. குறைவு இருக்கிற பிள்ளைக்கும் மாத்திரை வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. 13 என்றால் நிரப்பத்தான் வேண்டும். ஆனால் குறைவு நிரம்பிய பின்னும் மாத்திரை விழுங்கிக்கொண்டே இருந்தால் எலும்பு கெட்டிப்படும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. வைட்டமின் டி குறைந்தால் புற்றுநோய் திரும்பும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கும் நிரூபணம் இல்லை, அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஆக, பாரத்தைச் சாப்பாடும் ஓட்டமும்தான் சுமக்க வேண்டும். 10 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 850 மில்லிகிராம் கால்சியம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பட்டியல். 13 வயதிலிருந்து 1,000. இது நம் வீட்டுச் சாப்பாட்டில் எட்டக்கூடியதே. 200 மில்லி பாலில் ஏறக்குறைய 240 மில்லிகிராம் இருக்கிறது. பாலோ, தயிரோ, மோரோ இரண்டு டம்ளர் போனால் பாதிக்கு மேல் வந்துவிட்டது. கேவுரில் 100 கிராமுக்கு 340-லிருந்து 360 வரை இருக்கிறது. ஒரு கைப்பிடிக் களி உருண்டையிலோ இரண்டு அடையிலோ 200-க்கு மேல் சேரும். கேவுரில் இருக்கும் ஃபைட்டேட் கொஞ்சம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தாலோ, இரவு முழுக்கப் புளிக்கவைத்தாலோ அது குறையும். அந்த விதத்தில் உங்கள் மாமியாரின் புளித்த கூழ் சரியான பண்டம். அடையில் முருங்கைக்கீரையைத் தாராளமாகப் போடுங்கள். எள்ளுருண்டை ஒன்று சேர்ந்தால் இன்னும் நூறு வரும். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலி நல்லது. கருவாடாக வேண்டாம், அதிக உப்பு சிறுநீரில் கால்சியத்தை இழுத்துக்கொண்டு போகும். ஊறுகாய், அப்பளத்துக்கும் இதே கதைதான். பசலைக்கீரையைக் கால்சியத்துக்காகக் கொடுக்க வேண்டாம், அதில் உள்ள ஆக்ஸலேட் உடம்புக்குள் விடாது. வைட்டமின் டி மட்டும் சாப்பாட்டில் எட்டாது. முட்டை மஞ்சள் கரு ஒன்றில் 40 யூனிட்தான். செறிவூட்டிய பால் என்று நீல நிற எஃப் முத்திரையோடு வரும் பாக்கெட்டில்கூட லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட்டே, டம்ளருக்கு 60-ஐத் தாண்டாது. தினம் 600 யூனிட்டைச் சொட்டு மருந்தாகவோ மாத்திரையாகவோ தொடரச் சொல்வது இதனால்தான்.

கால்சியம் மாத்திரை எழுதியிருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் அதில் உள்ள கால்சியம் 500தான். சாப்பாட்டோடு கொடுங்கள். மேலே சொன்னபடி சாப்பிடுகிற பிள்ளைக்கு அது தேவைப்படாமலும் போகலாம், கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

ஓட்டம் என்றேன். குதிக்கிற அடிதான் எலும்புக்கு "கட்டு" என்று சொல்கிற சேதி. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை, எலும்புக்குக் குறைவு. கயிறு தாண்டுதல், நொண்டி, கபடி, பாலாற்று மணலில் பந்து விரட்டுவது எல்லாம் எலும்பைத் தட்டி எழுப்பும். ஆனால் அந்த இடுப்புச் சோதனை முடிந்து, முதுகுவலி இல்லை என்று உறுதியான பிறகு தொடங்குங்கள். அதற்கு முன் வீட்டில் ஒன்று பாருங்கள்: தரையில் சப்பணம் போட்டு உட்காரச் சொல்லி, கையை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். எழ முடியாமல் தொடையைப் பிடித்துப் பிடித்து எழுந்தால் இடுப்புத் தசை தளர்ந்திருக்கிறது. வைட்டமின் டி குறைவும் இதைச் செய்யும், பழைய வின்கிரிஸ்டினும் ஸ்டீராய்டும் செய்திருக்கலாம். அவன் படி ஏறும்போது வலிக்கிறது என்று சொல்வதற்குக்கூட இதுவே காரணமாக இருக்கலாம், நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அப்படி இருந்தால் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் சில வாரம் பயிற்சி எடுத்துவிட்டு விளையாட்டுக்கு அனுப்புங்கள். "உடம்பு சரியில்லாத பிள்ளை" என்று பி.டி. வகுப்பில் ஓரமாக உட்காரவைத்தால், பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் பேசுங்கள் அம்மா. தேவையென்றால் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். எத்தனையோ பிள்ளைகள் நோயால் அல்ல, அந்த ஓரத்து பெஞ்சால் தளர்கிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் விஷயத்தில் மருத்துவர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. தலைக்கோ, தலையோடு தண்டுவடத்துக்கும் சேர்த்தோ கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு, சிகிச்சை முடிந்து இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் ஒருமுறையும் 25 வயதில் ஒருமுறையும் எடுக்க வேண்டும் என்று 2021-ல் சர்வதேச வல்லுநர் குழு சொன்னது. ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் வாங்கியவர்களுக்கு எல்லாருக்கும் எடுக்க வேண்டுமா என்பதில் ஒவ்வொரு வழிகாட்டியும் ஒவ்வொன்று சொல்கிறது. எடுத்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். பிள்ளைக்கு, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் இசட் (Z) ஸ்கோர்தான் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான டி (T) ஸ்கோரைப் பார்த்து "எலும்புத் தேய்மானம்" என்று எழுதியிருந்தால் பொருட்படுத்தாதீர்கள். வயதுக்குக் குட்டையான பிள்ளைக்கு அந்த எண்ணும் பொய்யாகக் குறைந்து காட்டும், உயரத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும். பிள்ளைக்கு ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்புத் தேய்மானம்) என்ற பெயரை ஸ்கேன் மட்டும் வைத்துச் சூட்டக் கூடாது. பெரிய அடி படாமலே முதுகெலும்பு நசுங்கியிருக்க வேண்டும், அல்லது அடர்த்தி குறைவோடு கை கால் எலும்பு பலமுறை முறிந்திருக்க வேண்டும். உங்கள் மகனுக்கு முதுகுவலி இருந்தாலோ, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்திருந்தாலோ, தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ எடுங்கள்; முதுகுக்குப் பக்கவாட்டு எக்ஸ்ரேயும் சேர்த்து. மூன்றும் இல்லை என்றால் நானாக இருந்தால் இப்போது அவசரப்பட மாட்டேன். எண் குறைவாக வந்தது என்பதற்காக மட்டும் எலும்பைக் கெட்டிப்படுத்தும் ஊசி போடுவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அது முறிவு வந்த பிள்ளைகளுக்கு, இதில் தேர்ந்த நிபுணர் முடிவெடுத்துப் போடுவது.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது சிகிச்சைச் சுருக்கம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் திட்டத்தில் சிகிச்சை நடந்தது, ஸ்டீராய்டு எந்த வகை, மெத்தோட்ரெக்ஸேட் அதிக அளவில் ஏற்றினார்களா, கதிர்வீச்சு உண்டா, எத்தனை முறை ரத்தம் ஏற்றினார்கள் என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் உயரம், எடை, பருவ வளர்ச்சி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். உயரம் ஏறாமல் நின்றால் ஹார்மோன் பார்க்க வேண்டிவரும். கடைசியாக, பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்த்துக் கொடுக்கக் கூடாது, கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஆனால் அதற்கு முன் அவனுக்கு இரும்பே தேவையா என்று பாருங்கள். சிகிச்சையின்போது பலமுறை ரத்தம் ஏற்றிய பிள்ளைகளுக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கலாம். தேங்கிய இரும்பைக் காட்டுவதற்கு ஃபெரிட்டின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வைட்டமின் டி மறுபடி பார்க்க ரத்தம் எடுக்கும் அன்றே அதையும் பார்க்கச் சொல்லுங்கள், முடிவு வரும்வரை அந்த மாத்திரை வேண்டாம் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.